பெயர் போடாத வரி

ஐம்பத்திரண்டு என்று காட்டியது. அவ்வளவு குறைவாகக் காட்டவே கூடாது.

மே மாதத்துச் செம்பூர், மத்தியானம் இரண்டு மணி. அறைக்குள்ளேயே முப்பத்து நான்கு டிகிரி. மேஜைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியில், பிராசஸரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓவர்கிளாக் செய்து, அதன் தலையில் செங்கல் பருமனுக்கு ஓர் அலுமினியக் கூலரையும் இரண்டு விசிறிகளையும் ஏற்றி, முழு பாரத்தில் டெஸ்ட் ஓடவிட்டுப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. இந்நேரம் எண்பத்தைந்தைத் தொட்டிருக்க வேண்டும். காற்றில் மட்டும் குளிர்கிற மெஷினுக்குத் தொண்ணூறு ஆனாலும் சகஜம்தான். ஐம்பத்திரண்டு என்பது, தாதர் ஸ்டேஷன் படியை இரண்டிரண்டாக ஏறி வந்தவனுக்கு மூச்சே வாங்காத மாதிரி.

புத்தியுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். ஆதர்ஷ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

முப்பத்தாறு வயது. பிழைப்பு, வீட்டில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எக்செல் நிரப்புவது. அதற்கு வைத்திருந்ததோ ராக்கெட் விடுகிற மெஷின். அவன் வாழ்க்கையில் வேகமாக ஓடியது இந்த பிராசஸர் ஒன்றுதான் என்பது அவனுக்கே தெரியும். தெரிந்ததால்தான் உலகத்தில் மற்ற எல்லோரையும் இளப்பமாகப் பார்க்க முடிந்தது.

திரையில் பிராசஸரின் எட்டு கோர்களுக்கும் சூடு காட்டும் எட்டு வரிகள். அவற்றுக்குக் கீழே, பெயர் போடாத ஒரு வரி. அநேக மதர்போர்டுகளில் இப்படி ஒன்று உண்டு. எதோடும் சேர்க்காத சென்சார், வாய்க்கு வந்ததைச் சொல்லும். சிலருக்கு நூற்றிருபத்தேழு, சிலருக்கு மைனஸ். அதைப் பார்த்து பயந்து கேள்வி கேட்கிறவன் கற்றுக்குட்டி. இன்டர்நெட் ஃபோரத்தில் சிரித்தே விரட்டிவிடுவார்கள். ஆதர்ஷே பத்து பேரையாவது விரட்டியிருக்கிறான்.

இன்று அந்த வரியில் முப்பத்தேழு.

"ஏண்டா," என்று ஹாலிலிருந்து அப்பாவின் குரல். "இன்னும் என்னடா பண்றே அங்கே?"

"டெம்பரேச்சர் செக் பண்றேன்பா."

"பெட்டி சூடாறதான்னு பார்க்க, அதையே சூடு பண்றயாக்கும்?"

சந்திரமௌலி முப்பத்தைந்து வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். மகனின் மெஷினைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் சரியான கேள்வி. அதனாலேயே ஆதர்ஷுக்கு எரிச்சல் வந்தது.

பத்து நாள் முன்புதான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். வெயில் தாங்காமல் ஸ்டேஷன் ரோட்டில் சுருண்டு விழுந்துவிட்டார். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது மனைவி ஸ்மிதா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்: "மணிக்கு ஒரு தடவை ஜலம் கொடு. மறுபடி உடம்பு சூடேறினா தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உன் பொம்மையை அப்புறம் பார்த்துக்கோ." பொம்மையாம்! ஆதர்ஷ் தலையை மட்டும் ஆட்டினான். பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தான். ஒரு மணிக்குக் கொடுத்தானா?

கோர் நாற்பத்து நான்கு. கீழே, பெயரில்லாத வரி முப்பத்தெட்டு.

ஓவர்கிளாக் செய்கிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. சூடு குறைவாக இருந்தால் ஏன் என்று கேட்கமாட்டான். இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்றுதான் கேட்பான். ஆதர்ஷ் ஏற்றினான். வோல்ட்டேஜை ஒரு படி, வேகத்தை ஒரு படி. பெட்டிக்குள் விசிறிகள் குரலை உயர்த்தின. ஈர முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு அடியில் இன்னொரு சத்தம், இழுத்து விடுகிற மாதிரி, விட்டதன் முடிவில் சின்னதாக ஒரு விசில். பேரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்தான். மூன்று வாரம் முன்பு வாங்கிய விசிறி.

"ஆதர்ஷ். ரொம்பப் புழுங்கறதுடா."

"ஃபேன் அஞ்சுலதான் ஓடறது, அப்பா."

"கொஞ்சம் ஜலம் கொண்டாயேன்."

"பதினாலு நிமிஷம்பா. நடுவுல எழுந்தா எல்லாம் வேஸ்ட்."

அது பொய். டெஸ்ட் நடுவில் நின்றால்தான் கணக்கில் சேராது, முப்பது நிமிஷமும் ஒரே மூச்சில் ஓட வேண்டும். அவன் எழுந்து சமையலறைக்குப் போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்க மனசில்லை. கோர் முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. இப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஃபோரத்தில் போட்டால் புனேக்காரன் ஒருத்தன் வயிறெரிந்தே செத்துப்போவான். ஹாலில் ஒருத்தர் தாகமாக இருந்தார். இவன் புனேயில் முகம் தெரியாத ஒருவனின் வயிற்றை நினைத்துச் சந்தோஷமாக இருந்தான்.

பெருமையடிக்க ஓர் ஆள் வேண்டுமே. ஆண்டாப் ஹில்லில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அம்மாருக்குப் போன் போட்டான். கூலரை விற்றவன் அவன்தான்.

"அம்மார், உன் கூலர் பிரமாதம்யா. முப்பத்து மூணு காட்டறது. ஃபுல் லோடுல!"

"ரூம் எவ்வளவு, பாய்?"

"முப்பத்து நாலு."

மறுமுனையில் ஸ்க்ரூடிரைவர் மேஜையில் வைக்கப்படும் சத்தம்.

"அது நடக்காது பாய். காத்துல குளுர்றது காத்தவிடக் கீழ எப்புடிப் போகும்? சூடு எங்கியாச்சும் போயித்தானே ஆகணும்? பின்னாடி கைய வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். பெட்டியின் முதுகிலிருந்து வந்த காற்று ஜில்லென்று இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி. கை மயிர் நட்டுக்கொண்டது.

"பாய்? வேற எந்த லைனாச்சும் ஏறுதா?"

"அந்தப் பேரில்லாத குப்பை மட்டும். நாப்பத்தொண்ணு."

"அது குப்பைதான். ஆனாலும் மெஷின நிறுத்து. அரே, ஆஃப் கர் யார்!"

பயந்தாங்கொள்ளி, என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தான். நாள் முழுக்க மதர்போர்டைச் சாலிடர் செய்கிறவனுக்கு இதையெல்லாம் ரசிக்கத் தெரியுமா?

ஏழு நிமிஷம் பாக்கி. முப்பத்தொன்று. நாற்பத்து நான்கு.

அப்போதுதான் அந்த வாசனை. கீழே இஸ்திரி வண்டிக்காரர் நிற்பார். நனைந்த வேஷ்டி மேல் பெட்டியைக் கொஞ்சம் அதிகநேரம் வைத்துவிட்டால் எழும்புமே, அந்தத் தீய்ந்த பருத்தி வாசனை. அதோடு விபூதி, அதோடு முகப்பவுடர். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. வாசனை ஹால் பக்கமிருந்து வந்தது.

"அப்பா?"

பதில் இல்லை. குறட்டை மட்டும். நீளமாக இழுத்து, விட்டு, முடிவில் சின்ன விசில். சின்ன வயசிலிருந்து கேட்ட குறட்டை; மாதுங்காவில் ஒற்றை அறையில் நாலு பேர் படுத்திருந்த நாட்களில் இந்த விசில் வந்தால்தான் இவனுக்குத் தூக்கம் வரும். அப்பாடா, தூங்கிவிட்டார். முடிந்ததும் ஜலம் என்ன, மோரே கரைத்துக் கொடுக்கலாம். பெருங்காயம் போட்டு. அவருக்குப் பிடிக்கும்.

இருபத்தெட்டு. ஐம்பத்து மூன்று.

குறட்டை.

விசில்.

அது ஹாலிலிருந்து வரவில்லை.

குனிந்தான். மேஜைக்கு அடியில், பெட்டியின் முதுகில், காதை வைத்தான். இழுத்தது. விட்டது. காதுமடலில் ஜில்லென்ற விசில்.

எழுந்தபோது தலை மேஜையில் இடித்தது. வலிக்கவில்லை. ஹாலுக்கு எட்டே தப்படி. சூளை வாயில் நுழைகிற மாதிரி இருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் சுற்றியது. சந்திரமௌலி பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நாற்காலியில் பட்ட இடமெல்லாம் வேஷ்டி பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது. கைக்குப் பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளர். பன்னிரண்டு மணிக்குக் கொடுத்ததில் மிச்சம் அரை டம்ளர்.

அது கொதித்துக்கொண்டிருந்தது.

மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. கண் மட்டும் மெதுவாக இவன் பக்கம் திரும்பியது. உதடு வெடித்துப் பிரிந்தது.

"ஆச்சாடா… உன் டெஸ்ட்டு?"

கோபமே இல்லை அந்தக் குரலில். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஓடினான். மவுஸ். நிறுத்து. நிறுத்து என்கிற பொத்தானை ஐந்து தடவை, பத்து தடவை. நிற்கவில்லை. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். பிளக் கையில் வந்தது. மூன்று பித்தளைக் கால்கள். கையில்தான் இருந்தது.

திரை அணையவில்லை.

பத்தொன்பது டிகிரி. கீழே, பெயரில்லாத வரி: எழுபத்தொன்று. எண்பது. தொண்ணூற்றாறு. பிறகு எண்ணே இல்லை. ஒரு சின்னக் கோடு.

ஹாலில் டம்ளர் காய்ந்து ஸ்டூல் மேல் கடகடவென்று ஆடியது. நின்றது.

அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தான். பெட்டியின் முதுகிலிருந்து பதில் வந்தது. இழுத்து. விட்டு. விசில்.

பாக்கி நேரம், பூஜ்யம். பச்சையில்: தேர்ச்சி.

டெஸ்ட் அதுவாகவே மறுபடி முப்பது நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தது.

கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி திறந்தது. அதற்கும் பெயர் இல்லை.

முப்பத்தேழு.

முப்பத்தெட்டு.

ரொம்பப் புழுங்கியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஜலம்," என்றான், யாரிடம் என்று தெரியாமல். ஸ்மிதா வர ஏழு மணி ஆகும். மேஜையில் ஊன்றியிருந்த கையை எடுத்தான்.

மேஜைவிரிப்பில் ஐந்து விரலும், உள்ளங்கையும், பழுப்பாக, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி.