6.40க்குத் தேடிய சொற்கள்

லேப்டாப்பில் காதணி விழா பேனருக்கு ‘இங்ஙனம்’ என்று அடித்துவிட்டு, எழுத்து சரிதானா என்று பார்க்கச் சந்தியா போனை எடுத்தாள். தேடும் கட்டத்தைத் தொட்டதும் பழைய தேடல்கள் கீழே விரிந்தன. முதல் வரியில் ‘கண்ணீர்’. அடுத்தது ‘அஞ்சலி’.

அவள் அவற்றைத் தேடவே இல்லை.

ஆந்திராவில் தடாவில் தெலுங்கில் படித்து, ஏரிக்கரைத் தோணிரேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊரிலேயே பேனர் அடிப்பவள் அவள் ஒருத்திதான். சந்தேகம் வரும் சொல்லைப் போனில் தேடிப் பார்த்துத்தான் அடிப்பாள். ஆனால் இந்த இரண்டு சொற்களும் ஆறு வருடமாக அடித்து அடித்து விரலுக்கே மனப்பாடம்.

பக்கத்தில் நேரம் போட்டிருந்தது. இன்று, மாலை 6.40.

இப்போது மணி நாலரை.

மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. ஏரியிலிருந்து அழுகிய பாசியின் வாடை காற்றோடு உள்ளே வந்தது. வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் மேஜைக் காலைச் சுற்றிக் கறுப்பாகத் தேங்கியது. மூன்றாவதாக ஒரு வரி முளைத்தது. ‘அகால மரணம்’. 6.41.

கணவன் ரஞ்சித் ஏரியில் இருந்தான். இருவர் போனுக்கும் ஒரே கணக்குதான்; அவன் தேடுவதும் இதில் தெரியும். அவனை அழைத்தாள்.

“மாமா, போன்ல இன்னாவாச்சும் தேடினியா?”

“காலையிலேருந்து இறாலத்தான் தேடிகினு கீறேன். அதுவே சிக்கல.”

“வெளையாடாத. கரைக்கு வந்துடு.”

“இன்னைக்கு நம்ம பாடு, நம்ம மொறை, புள்ள. வுட்டா அடுத்த முறை வலை போட பத்து நாள் ஆவும்.”

“நீ வந்துடு மாமா. உன் கால்ல வுழறேன்.”

காற்றின் இரைச்சலுக்கு நடுவே, “சரி, அழுவாத. வரேன்.”

போனில் இரண்டு சதவீதம்தான் சார்ஜ். அவன் மறுபடி அழைத்தால்? தண்ணீரில் காலை வைத்து, சார்ஜரைச் சுவர் பிளக்கில் செருகினாள்.

சுருக்கென்றது.

மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது. மின்சாரம் இல்லை. மணி 6.40 காட்டிய லேப்டாப்பின் வெளிச்சத்தில், அவளுடைய நாற்காலியில் ரஞ்சித். சொட்டச் சொட்ட நனைந்து. உயிரோடு.

“வந்துட்டியா மாமா!”

அவன் திரும்பவில்லை. ஒரு கையில் போன். மறுகையின் ஒற்றை விரல், போனைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக லேப்டாப்பில் தட்டியது. கண்ணீர். அஞ்சலி.

தெரிந்தவள் எதற்குத் தேட வேண்டும்?

வாசலில் மாமியார் கஸ்தூரியம்மாள். அவள் பின்னால் தலைகள். “வுடு நைனா. பொன்னேரில அடிச்சிக்கலாம்.”

“இல்லம்மா. ஊருக்கெல்லாம் அவதானே அடிச்சா.” குரல் உடைந்தது. “அவளுக்கு நான் அடிக்கிறேன். தப்பு இல்லாம.”

திரையில் கல்யாணப் படம். அவன் இருந்த பாதி வெட்டப்பட்டிருந்தது. இவள் மட்டும்.

மூன்றாவது வரி. அவன் விரல் ஓர் எழுத்தைத் தவறவிட்டது.

பழக்கத்தில் சந்தியா கை நீட்டினாள். எழுத்தை அழுத்தினாள்.

அமுங்கவில்லை.

மறுபடி அழுத்தினாள்.