வலிக்காத பம்பர்

அன்று காலையும் பொங்கியண்ணன் வண்டியைக் கொட்டகையிலிருந்து பின்னால் எடுத்தபோது அவருடைய இடுப்பில் ஒரு பாறை இடித்தது. பெரிய இடி இல்லை. பல்லைக் கடித்து, கண்ணை மூடித் திறந்து, ஒரு முனகலோடு முடிந்துபோகிற சின்ன இடிதான். பக்கத்துக் கொட்டகைக்காரர் தன் வண்டியின் கதவைத் தூணில் உரசிவிட்டு, வலது விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க் கிரகத்தில் செங்காடு குடியிருப்பின் காலைப்பொழுது இப்படித்தான் தொடங்கும்.

ஆரம்பத்தில் குடியேறியவர்கள் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினார்கள். பாதையே இல்லாத ஊரில் வழிவிடும் வழக்கம் எங்கிருந்து வரும்? அபராதம் போட்டும் உபதேசம் செய்தும் சலித்துப்போன நிர்வாகம், கடைசியில் பாதையில்லாமலே ஓடும் இந்தத் தடமிலி வண்டிகள் எல்லாவற்றின் உடம்பிலும் தோல்நரம்பைப் பதித்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும், அவர் முதுகுத்தண்டின் அடியில் பொருத்தியிருக்கும் சின்ன வளையத்தை வண்டியின் கொக்கி பற்றிக்கொள்ளும். அதன்பிறகு வண்டிக்குப் படுவதெல்லாம் அவருக்கும் படும். சில கெட்டிக்காரர்கள் நடுவழியில் கொக்கியைக் கழற்றிவிட்டு ஓட்டியதால், கழற்றும் பிடியை வண்டிக்கு வெளியே, பின் பம்பருக்கு மேலே வைத்தார்கள். கொட்டகைக்குத் திரும்பிய பிறகு யாராவது வந்து அதைத் திருகினால்தான் ஓட்டுநர் எழுந்திருக்க முடியும்.

விபத்துகள் குறைந்தது உண்மை. ஆனால் இடித்தவனுக்கு வலித்த மாதிரியே இடிபட்டவனுக்கும் வலித்தது. அதைப் பற்றி நிர்வாகம் யோசிக்கவில்லை, அல்லது யோசித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. பொங்கியண்ணனுக்குப் பனிப்பள்ளத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் வேலை. அங்கே லோடு ஏற்றும் இடம் குறுகல். பின்னால் வருகிறவனெல்லாம் அவர் பம்பரில் முட்டிவிட்டுத்தான் நிற்பான். வீட்டுக்கு வந்தால் மல்லாந்து படுக்க முடியாது. மனைவி துளசிமணி தைலம் தேய்த்துக்கொண்டே, பசுங்கூடத்தில் காய்கறி வேலைக்கு மாற்றிக் கேட்கச் சொல்லிப் பார்த்தாள். ஓட்டுநராக வந்தவன் வெண்டைச்செடிக்குத் தண்ணீர் விடுவதா என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

யோசனை சொன்னவன் துளசிமணியின் தம்பி நல்லசிவம். வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கைவேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"வண்டியிலதானுங்க மச்சான் நரம்பு இருக்குது. பம்பரு நாம செய்யறது. அதுக்கு எதுக்குங்க நரம்பு?"

பொங்கியண்ணனுக்கு அந்த நிமிடமே இடுப்பு பாதி குணமான மாதிரி இருந்தது.

முதல் குடியேறிகளை இறக்கிவிட்ட கப்பலின் அனல்தகடுகள் ஊருக்கு வெளியே கேட்பாரற்றுக் கிடந்தன. காற்றுமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது எழுந்த நெருப்பைத் தாங்கிய தகடுகள் அவை. நல்லசிவம் உணவுப்பெட்டி அட்டையை வெட்டி, வண்டியின் பின்புறம் வைத்துப் பார்த்து, மடித்துத் திருத்தி மாதிரி எடுத்தான். பட்டறையின் பெரிய அறுப்பு எந்திரத்தில் தகட்டைக் கொடுத்தான். எந்திரம் நாள் முழுவதும் உறுமி விரற்கடை அளவு தின்றது. உருகாத தகட்டையும் கவ்விக்கொள்ளும் தனிக் கம்பி போட்டு, மூலைகளில் வெல்டிங் புள்ளி வைத்து, கோணம் பார்த்து, அப்புறம் முழு நீளத்துக்கும் ஓட்டினான். இழுவைக்கு இரண்டு வளையங்கள் வைத்தான். ஸ்டெப்னி டயரைத் தாங்க, கதவு மாதிரி வெளியே திறக்கும் ஒரு கையும் வைத்தான்.

பொங்கியண்ணன் தினமும் போய் நின்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார். பம்பர் சக்கரங்களைத் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பார்த்தால் மிரள வேண்டும் என்றார். கழற்றும் பிடிக்காக ஓட்டை விட்டால் அழகு கெடும் என்றார். அதனால் பிடி ஸ்டெப்னிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கொட்டகையில் ஸ்டெப்னிக் கையைத் திறந்து பிடியைத் திருகிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

கம்பெனி பம்பரை இரண்டு மெல்லிய முளைகள்தான் பிடித்திருந்தன. எங்காவது மாட்டி வண்டி பலமாக இழுத்தால் முளைகள் உடையும், பல்லி வாலை விடுகிற மாதிரி வண்டி பம்பரை விட்டுவிட்டு வந்துவிடும். நல்லசிவம் அவற்றைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தான். இழுத்தால் வந்துவிடுகிறது எல்லாம் ஒரு பம்பரா என்று கேட்டான். பொங்கியண்ணனும் சிரித்தார். புதுப் பம்பரை வண்டியின் சட்டத்தோடு சேர்த்தே பற்றவைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவருக்கு நல்ல காலம். பனிப்பள்ளத்தில் பின்னால் முட்டியவர்கள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அலற, இவர் சீட்டியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற பழக்கமே போய்விட்டது. எதற்குப் பார்க்க வேண்டும்? பின்னால் இருப்பதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

ஒருநாள் லோடோடு திரும்பும்போது புழுதிக்காற்று எழுந்தது. ஒதுங்கி நிற்கலாம் என்று இரண்டு பாறைகளுக்கு நடுவே வண்டியைப் பின்னால் விட்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் இடிக்கவில்லை, உரசவில்லை, இடுப்பில் ஒரு சுருக் கூட இல்லை. சரிவில் இன்னும் கொஞ்சம் விட்டார். ஏதோ நறநறவென்று ஒலித்தது, காற்றுதான் என்று நினைத்துக்கொண்டார். பின்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கிச் சுழன்றபோதுதான் காலை எடுத்தார். முன்னால் போகப் பார்த்தார். வண்டி அசையவில்லை.

"பின்னாடி என்ன மாட்டியிருக்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றார் வண்டியிடம்.

"பின்பக்கம் எனக்கு எதுவும் தெரியவில்லை ஐயா" என்றது வண்டி. "உங்களுக்குத் தெரிகிறதா?"

"எனக்கும் தெரியல."

பம்பரை விட்டுவிடட்டுமா என்று வண்டி கேட்டது. பற்றவைத்த விஷயம் அதற்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தும், அவசரத்தில் விடச் சொல்லிவிட்டார். வண்டி பலம் முழுவதையும் கூட்டி முன்னால் இழுத்தது. பம்பருக்குத்தான் நரம்பு இல்லை, அது பற்றியிருந்த சட்டம் முழுக்க நரம்பு. இடுப்பெலும்பை யாரோ இரண்டு கையாலும் பிய்ப்பது போலிருந்தது. நிறுத்து நிறுத்து என்று அவர் கத்தியதைக் கேட்டு வண்டி நின்றது. முன்சக்கரங்களும் மண்ணில் புதைந்துவிட்டிருந்தன.

வானொலியில் ஊருக்குச் செய்தி சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எழுந்து நிற்க முடியாது, திரும்பிப் படுக்க முடியாது, கொக்கி இடுப்பைப் பிடித்திருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து அதைத் தொட்டுப் பார்த்தார். விரல் எட்டியது, ஆனால் அது விரலுக்குத் திறக்கிற சாமானில்லை. கண்ணாடிக்கு வெளியே புழுதி தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டி அவ்வப்போது மரியாதையாக, காற்று குறைந்துவருகிறது, தயவுசெய்து நிதானமாக மூச்சு விடுங்கள் என்றது. சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு வேகமாக வாங்கியது. அவருக்குப் பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் பயந்தார். வெண்டைச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தார். அந்த ஆள் மீது பொறாமையாக இருந்தது.

புழுதி அடங்கியதும் மீட்பு வண்டியில் நல்லசிவமும் வந்து இறங்கினான். பின்பக்கம் போய்ப் பார்த்தான். நீட்டி வைத்த இரண்டு நுனிகளும் பாறைகளுக்குள் ஆப்பு இறங்கிய மாதிரி இறங்கியிருந்தன. ஸ்டெப்னிக் கையைத் திறக்க இடமில்லை, அதனால் பிடியைத் திருகி அவரை வலியிலிருந்து கழற்றிவிட வழியில்லை. வண்டியின் கதவோ, மூச்சுவிடக் காற்றுள்ள கொட்டகையில் தவிர வேறெங்கும் திறக்காது. மீட்பு ஆள் அறுப்புச் சுடரைப் பம்பரில் வெகுநேரம் காட்டினார். கப்பல் இறங்கிய நெருப்பையே பொருட்படுத்தாத தகடு, சிவக்கக்கூட இல்லை. பட்டறையின் பெரிய எந்திரத்தைக் கொண்டுவருவதற்குள் காற்று தீர்ந்துவிடும்.

நல்லசிவம் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான். குரல் வானொலியில் கரகரத்தது.

"மச்சான், பம்பர அறுக்க முடியாதுங்க. வண்டியத்தானுங்க அறுக்கோணும்."

பொங்கியண்ணன் முதலுதவிப் பெட்டியிலிருந்த மாத்திரைகளையெல்லாம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவை தலைவலிக்கானவை என்று வண்டி சொன்னதை அவர் கேட்கவில்லை.

"அறு" என்றார்.

சட்டத்தில் சுடர் பட்டபோது அவர் போட்ட சத்தம் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. நல்லசிவம் வானொலியை அணைத்துவிட்டிருந்தான், இல்லாவிட்டால் அவனால் கையைப் பிடித்து வேலை செய்திருக்க முடியாது. இடுப்பின் குறுக்கே அங்குலம் அங்குலமாகப் போன அந்தச் சூட்டை அவர் பாதிவரைதான் உணர்ந்தார். மீதியில் மயங்கிவிட்டார். சட்டத்துக்குள் ஓடிய பிடியின் கம்பி அறுந்ததும் கொக்கி தானாக விட்டது. முன்பாதி வண்டியை அவரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

கண்விழித்தபோது மருத்துவமனையில் மல்லாந்து படுத்திருந்தார். வலியே இல்லை. டாக்டர் அவர் பாதத்தில் ஊசியால் குத்திவிட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே நரம்புகள் அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கின்றன, உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். துளசிமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் நல்லசிவம் தலையைக் குனிந்தபடி வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். பொங்கியண்ணன் அவனைப் பேசவிடவில்லை.

"பம்பரு என்னாச்சு?"

நல்லசிவத்தின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பாறையை உடைத்து எடுத்துவிட்டார்கள், பாறைதான் உடைந்தது என்றான். உடைந்த பாறையோடு பம்பர் நிற்கிற படத்தை ஊரே பார்த்துவிட்டது, பட்டறை வாசலில் காலையிலிருந்து கூட்டம், மீட்பு ஆளே தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றான். கைத்திரையில் படத்தைக் காட்டினான். பொங்கியண்ணன் தலையணையில் முட்டுக்கொடுத்து நிமிர்ந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த ஓரத்துல என்னது, கீறலா?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுக்கும் யோசன பண்ணீட்டேன். பம்பருக்கு அடிபடாம மேல ஒரு கார்டு போட்டுரலாமுங்க."

இருவரும் தலையோடு தலை சேர்த்துத் திரையில் கோடு போட ஆரம்பித்தார்கள். துளசிமணி ஆவி பறக்கும் கஞ்சித் தம்ளரோடு கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, பம்பரு எதுக்குடா இருக்குது?"

"அடி வாங்கறதுக்குத்தான்க்கா."

"அப்ப அது வாங்கீட்டுப் போகட்டும். அதுக்கு அடிபடாம இருக்கறதுக்கு இன்னொண்ணு எதுக்கு?"

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல இருவரும் அவளைப் பார்த்தார்கள். பூமியில் இருந்த காலத்திலேயே நம் ஆட்கள் புது வண்டி எடுத்த கையோடு நேரே கடைக்குப் போய்ப் பம்பருக்குக் கார்டு போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்களாம் என்று நல்லசிவம் அக்காவுக்கு விளக்கினான். கார்டு கீறாமல் இருக்க அதற்கு மேல் ரப்பரும் ஒட்டுவார்களாம். பொங்கியண்ணன் அந்த ரப்பர் விஷயத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

துளசிமணி கால்மாட்டிலிருந்தே கஞ்சியை எட்டி நீட்டினாள். தம்ளர் சாய்ந்து கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி அவர் பாதத்தின் மேல் கொட்டியது. ஐயோ என்று குனிந்து தலைப்பால் துடைத்தாள். தோல் சிவந்து அவள் கண்ணெதிரே கொப்புளம் கட்டியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் அக்கட்டால தள்ளிக்க" என்றார். "வெளிச்சத்த மறைக்கற. கீறல் தெரிய மாட்டீங்குது."