ரொட்டர்டாமில் ஓர் இரவு

"உந்த ரொட்டர்டாமை ஆர் போட்டது?"

இராசரத்தினம் கோப்பிக் கோப்பையோடு பிரிட்ஜின் முன்னால் நின்று கேட்டார். பிரிட்ஜ் கதவில், மகள் சிவானி மூன்று நிற மார்க்கர்களால் போட்ட பயணத் திட்டம் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை விமானம். விட்பி வீட்டின் வரவேற்பறையில் நான்கு சூட்கேசுகள் திறந்து கிடந்தன. முப்பத்தொரு வருடக் கனடா வாழ்க்கையில் அவருடைய மனைவி பேபி ஐரோப்பாவுக்குப் போவது இதுதான் முதல் தடவை. சூட்கேசை நிறுப்பதும், மேப்பிள் சிரப் போத்தலை ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைப்பதும், திரும்ப நிறுப்பதுமாக, ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் புறப்படும் பிள்ளை மாதிரி ஓடித் திரிந்தாள். ஒரு கிழமையாகச் சரியான நித்திரையும் இல்லை. சந்தோசத்தில்தான்.

இருப்பதோ எட்டு இரவுகள். பாரிஸில் இராசரத்தினத்தின் தம்பி பிரதாபன்; ஐந்து இரவு கேட்டான். ஜெர்மனியில், டோர்ட்முண்டில், அவருடைய அக்கா. அவவும் ஐந்து கேட்டா. ஒரு வீட்டுக்கு ஓர் இரவு குறைந்தால் அந்தக் கதை அடுத்த பத்து வருடக் கலியாண வீடுகளில் ஓடும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. சிவானிதான் மாறி மாறிப் பேசி, பாரிஸுக்கு நாலு, டோர்ட்முண்டுக்கு மூன்று என்று முடித்துவைத்தாள். மிச்சமிருந்த ஒன்றுக்குத்தான் இப்போது பஞ்சாயத்து.

"நான்தான் போட்டனான் அப்பா. அம்மா டியூலிப் பாக்கோணும் எண்டவ எல்லோ. அம்ஸ்டர்டாமில ஹோட்டல் எல்லாம் ஃபுல். ரொட்டர்டாம் பக்கத்திலதான். பாரிஸில இருந்து ரெயின் நேரே போகுது. வட்ஸ் த பிக் டீல்?"

"நீயா போடேல்லை. கொம்மா சொல்லித் தந்திருப்பா."

பேபியின் கையில் சிரப் போத்தல் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத ஊர்ப்பெயர் அது.

அங்கேதான் கஜனி இருந்தாள். பேபியின் ஒரே தங்கச்சி. தாய் செத்தபோது கஜனிக்கு ஆறு வயது, பேபிக்குப் பதினெட்டு. தலை வாரி இழுத்து, சோறு தீத்தி, தாயாக நின்று வளர்த்தவள் பேபி. அந்தக் கஜனியைப் பிரதாபனுக்குப் பேசி, பாரிஸில் மண்டபம் எடுத்து, கார்டும் அடித்த பிறகு, அவள் ரொட்டர்டாமில் தன்னோடு வேலை செய்த பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். 'என்ர தம்பியை அவமானப்படுத்தினவளோட உமக்குக் கதை இருந்தால், எனக்கு உம்மோட கதை இல்லை' என்றார் இராசரத்தினம். அன்றைக்குப் பேபி தங்கச்சியின் அழைப்பைத் துண்டித்தவள்தான். கஜனிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் பேபி.

"அப்ப உலகத்தில இருக்கிற ஊரெல்லாத்தையும் விட்டிட்டு உது எப்பிடி வந்தது?"

"எனக்கெப்பிடித் தெரியும்... வெட்டிவிடு பிள்ளை. அந்த இரவையும் பாரிஸுக்குக் குடு. டியூலிப் வேண்டாம்."

"அம்மா, இந்த ரிப்பில நீங்க கேட்ட ஒரே விசயம் அதுதான்."

"பூவை ரீவியில பாக்கலாம்." சொல்லும்போதே குரல் உடைந்தது. கணவரின் பக்கம் திரும்பினாள். "என்ர தங்கச்சி பிள்ளை பெத்துக் கிடக்கேக்க உடம்பு தேற ஒரு சரக்குக் கறி வைச்சுக் குடுக்க ஆளில்லை. அதுக்கும் நான் போகேல்லை... இருபத்திரண்டு வருசம் உங்கட சொல்லைத் தாண்டேல்லை. இனியும் என்னைச் சந்தேகப்பட என்ன இருக்கு, சொல்லுங்கோ?"

அந்த நேரம் பார்த்துச் சிவானியின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. பாரிஸிலிருந்து பிரதாபன், முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, வெளிக்கிட்டாச்சோ? பிளானைச் சிவானி அனுப்பினவள், பாத்தனான். ஒண்டுதான் விளங்கேல்லை. ரொட்டர்டாமில ஏன் ஹோட்டல்? கஜனி வீட்டு மேல் அறை சும்மாதானே கிடக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தமையனின் முகம் திரையில் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அவளின்ர வீட்டு அறை உனக்கெப்பிடியடா தெரியும்?"

"அண்ணை... டிசம்பரில நத்தார் லீவுக்கு நாங்கள் அங்க போவம். பாரிஸ் பிள்ளையார் தேருக்கு அவையள் இஞ்ச வந்து நிப்பினம். பதின்னாலு வருசமா அப்பிடித்தான்."

"உன்னை வேண்டாமெண்டு விட்டிட்டுப் போனவளடா!"

"அவள் தனக்கு விருப்பம் வேறயெண்டு முதலே எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னவள். எனக்கும் அந்தக் கலியாணத்தில பெரிய விருப்பமில்லை. மண்டபம் எடுத்தது நீங்கள். கோவப்படோணுமெண்டால் நான்தானே படோணும்? என்னை ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களே அண்ணை?"

"டோர்ட்முண்ட் அக்காவுக்கும் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும். உங்கட வீட்டுக்குத்தான் தெரியாது. நீங்கள் கத்துவீங்கள், பிறகு அண்ணிக்குத்தான் பேச்சு விழும் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

"எனக்கு எண்டாலும் சொல்லியிருக்கலாமே தம்பி..." என்றாள் பேபி.

"கஜனிதான் வேண்டாமெண்டவள். 'அக்கா அத்தானுக்கு ஒளிச்சு ஒண்டும் செய்யமாட்டா. தெரிஞ்சால் மனசுக்கையே வைச்சு மறுகுவா' எண்டு சொன்னவள்."

இராசரத்தினம் பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டார். யாருடைய மானத்துக்காக இருபத்திரண்டு வருடம் வீட்டைக் கட்டி ஆண்டாரோ, அவனே வருடா வருடம் கஜனி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேபியைப் பார்த்தார்.

"பேபி... நான் பிழை விட்டிட்டன். நீர் ரொட்டர்டாமில அந்த ஒரு இரவை நிண்டிட்டு வாரும்."

"ஒரு இரவோ?"

பேபி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நேரே பிரிட்ஜடிக்குப் போய், சிவப்பு மார்க்கரைத் திறந்தாள். பாரிஸின் நாலை வெட்டி இரண்டாக்கினாள். டோர்ட்முண்டின் மூன்றை வெட்டி இரண்டாக்கினாள். ரொட்டர்டாமுக்கு நேரே பெரிதாக நாலு போட்டாள். மனதுக்குள் அப்படி ஒரு துள்ளல்.

"டோர்ட்முண்ட் அக்கா கோவிக்கப்போறா," என்றார் இராசரத்தினம் மெல்லமாக.

"கோவிக்கட்டும். கோவத்தை எவ்வளவு காலம் வைச்சிருக்கலாமெண்டு உங்களிட்டக் கேட்டுப் பழகட்டும்."

"அண்ணி, எனக்கும் ரெண்டுதானோ?" என்றான் பிரதாபன் திரையிலிருந்து.

"நீங்கள் அவளைப் பதின்னாலு வருசம் கண்டிட்டீங்கள் தம்பி. இனி என்ர முறை. நம்பரைச் சொல்லுங்கோ."

நம்பரை எழுதிக்கொண்டது இராசரத்தினம். "நானே அடிச்சுத் தாறன். துண்டிக்க வைச்சது நான்தானே," என்றார். அழைப்புப் போனது. மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளை... நான் அத்தான் கதைக்கிறன்."

அந்தக் குரல் பதறியது.

"அத்தான்... அக்காவுக்கு ஏதும்...?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் அழைத்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள். அதை விளங்கிக்கொண்ட இராசரத்தினம், கண் நிறைந்து வழிய, போனைப் பேபியிடம் நீட்டினார்.

"எனக்கொண்டுமில்லையடி. உயிரோடதான் இருக்கிறன். நாலு இரவு வந்து நிக்கப்போறன்... அழாதை. அழாதையடி கஜனி. முழங்கால் நோ, எனக்கு மேல் அறைக்கு ஏற ஏலாது. கீழ ஒரு பாயைப் போட்டுத் தா, அதுவே காணும்."

"என்னோட படுங்கோ அக்கா."

இரண்டு பேரும் ரொட்டர்டாமிலும் விட்பியிலும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடம் கழித்துப் பேபி போனை வைத்தாள். சூட்கேசுகளைப் பார்த்தாள். திடீரென்று பரபரப்பு வந்துவிட்டது.

"சிவானி, கட்டினதெல்லாத்தையும் வெளியில எடு பிள்ளை. ரொட்டர்டாமுக்கு ஒண்டுமே வைக்கேல்லை."