கற்பூரச் சத்தியம்

அவன் குடையை மடக்கிய வேகத்தில், அதிலிருந்த மழை மொத்தமும் யாழினியின் ஃபைல் மீது தெறித்தது.

"ஏனுங்க… மழையை வெளியவே விட்டுட்டு வரக் கூடாதுங்களா?"

நிமிர்ந்தான். தூங்கி வெகுநாளான கண்கள். அவற்றில் ஏதோ ஒன்று… அவள் அவசரமாகப் பார்வையை இறக்கினாள். சட்டக் கல்லூரி அனுமதிக் கடிதத்தின் ஓரம் நனைந்திருந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதி வங்கிக் கிளையில் கல்விக் கடன் மேஜை. மேனேஜர் அவனைப் பார்த்தார்.

"வாங்க சித்தார்த். சௌந்தர்யாவோட லா காலேஜ் லோன் தவணைதானே?"

ஈரக் காகிதத்தை ஊதிக்கொண்டே யாழினி முணுமுணுத்தாள். "படிச்ச அம்மணி கறுப்புக் கோட்டு மாட்டிக்குவாங்க. கடனை மட்டும் வேற ஆளு கட்டணுமாக்கும்."

"கோட்டு மாட்டலீங்க." அவன் குரல் உயரவில்லை. "மூணாம் வருசம் படிக்கறப்ப பஸ் கவுந்துருச்சு. என் தங்கச்சிங்க."

தவணையைக் கட்டிவிட்டு அவன் வெளியேறினான்.

வாசல் டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"மன்னிச்சிருங்க."

"ஃபைலை நனைச்சதுக்கு நீங்களும் மன்னிச்சா சரியாப் போச்சு."

இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது… வரவில்லை. அவள்தான் பேசினாள். ஊர் புதுச்சத்திரம். போர்வெல் போடப் போன ரிக் வண்டியிலேயே செத்துப்போன அப்பா. பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அதுவும் போகும், சீட்டும் போகும். வங்கி ஜாமீன் கேட்கிறது.

"மாமன் போடறேங்குது. அது பையனைக் கட்டிக்கறேன்னு வார்த்தை குடுத்தா."

சித்தார்த் வலது உள்ளங்கையை விரித்தான். நடுவில் கறுத்த வடு.

"எங்கப்பா அடுத்தவங்களுக்கு ஜாமீன் போட்டுத்தான் காடு தோட்டமெல்லாம் போச்சு. சௌந்தர்யாவைப் பொதைச்ச அன்னிக்கு அம்மா கற்பூரம் ஏத்துனாங்க. இனி அடுத்தவங்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு சத்தியம் பண்ணி, கையாலயே அடிச்சு அணைச்சேன். கையை எடுக்கத் தோணலை. இல்லீன்னா உங்களுக்கு நானே…"

"நான் கேட்டனுங்களா?"

வெடுக்கென்று மழையில் இறங்கி நடந்தாள். பஸ் ஏறிய பிறகும் அந்தக் கண்கள்தான் கூடவே வந்தன.

வெள்ளிக்கிழமை.

மாமன் சின்னுசாமி மேனேஜர் முன்னால் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"வார்த்தையைச் சொல்லு சாமி. போட்டர்றேன்."

அவள் பேனாவைப் பார்த்தாள். அஞ்சு வருசப் படிப்பு அதன் முனையில் தொங்கியது.

"மூடி வெச்சிருங்க மாமா. கையெழுத்துக்காகக் கழுத்தை நீட்ட முடியாதுங்க."

"அப்ப மாடு மேய்." நாற்காலி கிறீச்சிட, அவர் போய்விட்டார்.

ஃபைலை அணைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் சித்தார்த்… தலையெல்லாம் நனைந்து. குடை இல்லை.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க," என்றவன் நேராக மேஜைக்குப் போனான். தான் நடத்தும் பட்டறையின் வருமான ரசீதுகளைக் கொடுத்தான். வடு விழுந்த கையாலேயே அவளுக்கு ஜாமீன் கையெழுத்திட்டான். அவள் தடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"உங்க சத்தியம்?"

"அடுத்தவங்களுக்குத்தானுங்க போட மாட்டேன்னேன்…" அவன் அவளைப் பார்க்கவில்லை. "அடுத்தவங்களுக்குப் போடலை. அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லணும்."

அவளுக்கு அர்த்தம் புரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"எங்க மாமன் கேட்ட அதே விலையா?"

"இல்லீங்க. நீங்க வேண்டாம்னு போனாலும் அந்தக் கையெழுத்து அங்கயேதான் இருக்கும்."

அவன் செல்போன் அதிர்ந்தது. திரையில் 'அம்மா'. அவன் எடுக்கவில்லை.

"என்ன சொல்லுவாங்க?"

"சோறு போட மாட்டாங்க. பேச மாட்டாங்க. சௌந்தர்யா போட்டோ முன்னால போய் உக்காந்துக்குவாங்க."

அந்தக் கறுத்த வடுவின் மேல் தன் விரல்களை மெல்ல வைத்தாள் யாழினி.

"உங்க ஊட்டுக்குத் தனியாப் போகாதீங்க," என்றாள். "நானும் வாரேன்."