இடத்துக்கு ஒன்று

மூன்றாவது மாடி வீட்டுக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். சாமான் ஏற்ற வந்த இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடிக்க, மாவுக்கட்டுப் போட்ட இடது காலை நீட்டிக்கொண்டு, "மெதுவா... வளைவு வருது, பின்னாடி பார்த்து" என்று வழி சொல்லிக்கொண்டே போனாள். பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டியவள். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் சும்மா உட்காரத் தெரியாது.

"வாயை மூடிட்டு வா, டிரைவர்," என்றாள் பின்னால் பெட்டியோடு ஏறிவந்த சின்னவள். அக்காவை அவள் கூப்பிடுவதே அப்படித்தான். சின்னவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. அம்மா அப்பா போன பிறகு ஒருத்திக்கு ஒருத்திதான் துணை.

படுக்கையறை, ஹால், சமையலறை, குளியலறை. வீடு அவ்வளவுதான். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கேம் மெஷின் கிடந்தது. உள்ளங்கை அளவு, மஞ்சளேறிய பிளாஸ்டிக். அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மான்ஸ்டர் பிடிக்கிற கேம். சின்ன வயதில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஆடியது. புல்வெளியில், குகையில் நடந்துபோனால் மான்ஸ்டர் எதிரே வரும். உருண்டையை வீசினால் அதற்குள் அடைபடும். உருண்டை மூன்று முறை ஆடி, க்ளிக்கென்று பூட்டிக்கொண்டால் அது நம்முடையது.

மெஷினின் முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேனா அழுந்திக் காகிதம் கிழிகிற மாதிரி எழுத்து.

'இடத்துக்கு ஒன்று. முதலில் எதிர்ப்படுவதை மட்டும் பிடி. பிடித்ததும் பெயர் வை. கீழே விழுந்துவிட்டால் செத்ததாகக் கணக்கு.'

"இது என்னடி, நாம ஆடினப்போ இந்த ரூல் எல்லாம் கிடையாதே?" என்றாள் சின்னவள்.

"கேம்ல இருக்கிறது இல்ல. ஆடறவங்களே தங்களுக்குப் போட்டுக்கிறது. விழுந்தா மருந்து கொடுத்து எழுப்பிக்கலாம்னு இருந்தா என்ன கிக்கு இருக்கு? போனா போனதுதான்னு இருக்கணும். அப்பத்தான் கை நடுங்கும்."

"காலை ஒடிச்சுக்கிட்டது பத்தல, கையும் நடுங்கணுமாக்கும். நீயே ரூல் போட்டு நீயே உட்கார்ந்து அழு."

மறுநாள் சின்னவள் வேலைக்குப் போன பிறகு, மதியம் நெருங்கும் நேரத்தில், சுவர்க் கடிகாரத்து பேட்டரியைக் கழற்றி மெஷினில் போட்டாள் அக்கா. திரை பச்சையாக விழித்தது. புதிய ஆட்டம் என்பதை அழுத்தினாள்.

ஆட்டத்தில் முதல் இடம் ஒரு சின்னச் சதுரம். மூலையில் கட்டில், பக்கத்தில் அலமாரி, கட்டிலோரம் அவள் பிடித்து நடக்கும் நான்கு கால் வாக்கர். அவள் உட்கார்ந்திருந்த அறையேதான்.

அவள் சிரித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

கட்டிலுக்கு அடியில் காய்ந்த புல் சரசரத்தது.

சிமெண்ட் தரை. நேற்றுத்தான் சின்னவள் துடைத்தாள். ஆனாலும் மழை விட்ட காட்டின் ஈரமண் வாசனை மூக்கில் ஏறியது. ஏதோ ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து அவளைப் பார்த்தது. உருவம் தெரியவில்லை. பார்க்கப்படுவது மட்டும் தெரிந்தது, பஸ்ஸில் பின்சீட்டுக்காரன் கண் முதுகில் படுவது தெரிகிற மாதிரி.

சுவர்கள் நான்கும் உள்ளே வந்தன. மூச்சு முட்டியது.

அறை ஒரு முறை ஆடியது.

இரண்டாம் முறை.

மூன்றாம் முறை ஆடி, எங்கோ க்ளிக் என்றது.

எல்லாம் பழையபடி ஆனது. வெயில், ஜன்னல், மாவுக்கட்டு. திரையில் மட்டும் ஒரு பட்டியல் வந்திருந்தது. படுக்கையறைக்கு நேரே அவள் தொடாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. டிரைவர். அதற்குக் கீழே ஹால், சமையலறை, குளியலறை. மூன்றுக்கும் எதிரே காலி. இடத்துக்கு ஒன்று, அங்கே முதலில் எதிர்ப்படுவது யாரோ அவர்.

ஒரு மணிக்குச் சின்னவள் சாப்பிட வருவாள். கதவைத் திறந்ததும் ஹால்.

வாக்கரை இழுத்துக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டில் போய் உட்கார்ந்து அவளை அங்கேயே மறித்துவிட வேண்டும். அதுதான் எண்ணம். ஆனால் வெளியே போகும் வழியும் ஹால்தான்.

ஹாலின் நடுவில் அது வந்தது. இம்முறை சோபாவுக்குப் பின்னாலிருந்து. மூன்று ஆட்டத்திலும் கீழே சாயாமலிருக்கக் கைவிரல்கள் வெளுக்க வாக்கரைப் பிடித்துக்கொண்டாள். விழுந்தால் என்ன கணக்கு என்று அவளுக்குத் தெரியும்.

க்ளிக்.

வாக்கரோடு தத்திப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தாள். இரும்பின் குளிர் கைக்குத் தெரிந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. சுவரில் வரைந்துவைத்த தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. சார்ஜில் கிடந்த போனை எடுக்கப் பார்த்தாள். அது மேஜையோடு மேஜையாக உட்கார்ந்திருந்தது. கதவில் அறைந்து கத்தினாள். அந்தச் சத்தம் அவள் காதுக்கே வரவில்லை.

வாக்கர் மட்டும்தான் அவள் சொன்னதைக் கேட்டது.

கீழே, தெருமுனையில், சின்னவளின் ஸ்கூட்டர் ஹாரன். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஹாரன், பாதி தொண்டை கட்டினாற்போல.

வந்ததும் என்ன செய்வாள்? செருப்பைக் கழற்றுவாள். காலையெல்லாம் ஊசி பிடித்த கையைக் குளியலறையில் போய்க் கழுவுவாள். பிறகு சமையலறையில் அடுப்பைப் பற்றவைப்பாள். எந்த நாளும் இதில் மாற்றம் கிடையாது.

சின்னவளுக்கு முன்னால் அந்த இரண்டு இடத்துக்கும் போய்விட, அக்கா கதவிலிருந்து திரும்பினாள்.

குளியலறைத் தரை ஈரம். வாக்கரின் ரப்பர் கால் வழுக்கியது. அது பக்கெட்டுக்குள்ளிருந்து எழுந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, "என்னையே எடுத்துக்கோ," என்று முணுமுணுத்தாள். "பழகின ஆள்தானே."

ஒன்று. இரண்டு. மூன்று.

படிக்கட்டில் காலடிச் சத்தம். இரண்டாவது மாடி.

சமையலறை வாசல் ஏழடி தூரம். கால் நொறுங்குகிற வலி. நிலைப்படியைத் தாண்டும்போது முழங்கால் மடங்கியது. பற்களைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே புல் விலகியது.

பூட்டில் சாவி திரும்பிய சத்தமும் உள்ளே அந்தக் க்ளிக்கும் ஒன்றாகவே கேட்டன.

"டிரைவர்! பசி உயிர் போகுது. தட்டு எடுத்து வெச்சியா?"

சின்னவள் உள்ளே வந்தாள். கை கழுவினாள். சமையலறைக்கு வந்தாள். எங்கேயும் எதுவும் எழவில்லை. அக்காவுக்கு அழுகை பொங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"அக்கா?"

ஒரு முழ தூரத்தில் நின்று, அவள் ஊடாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள்.

"அக்கா... விளையாடாத. இந்தக் காலோட எங்க போனே?"

"இங்கதான்டி இருக்கேன்," என்றாள் அக்கா.

சின்னவள் நாற்பது நாள் தேடினாள். போலீஸ் வந்து போனது. ஆஸ்பத்திரிகளில் கேட்டாள். ஒவ்வொரு மதியமும் ஹாலில் உட்கார்ந்து, தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் அழுதாள். அக்கா பக்கத்திலேயே நின்றாள். உட்காரவில்லை. உட்காரும்போது தவறி விழுந்துவிட்டால்? பிறகு ஒருநாள் சாமான்கள் இறங்கின. சின்னவள் நான்கு அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

போகட்டும். பத்திரமாகப் போகட்டும்.

மழைக்காலத்தில் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண். அவர்கள் அறை அறையாக நடந்தபோது அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒன்றும் ஆகவில்லை. இந்த வீட்டில் இனி யாரையும் எடுக்க முடியாது, ஒவ்வோர் இடத்திலும் தான் இருக்கிறோம் என்று அவளுக்கு முதல்முறையாக ஒரு நிம்மதி வந்தது.

அடுத்த வாரம் தச்சர் வந்தார். ஹாலின் ஒரு பக்கத்தை பிளைவுட் பலகையால் மறித்தார். இரண்டு நாள் வேலை. வெளியே நின்றபடியே ஒரு சின்னக் கதவை மாட்டி, இழுத்து மூடிப் பார்த்தார்.

"ரெடிங்க. இன்னும் யாரும் உள்ள போகல. பாப்பாவே முதல்ல போகட்டும்," என்றார்.

"என் ரூம்! என் ரூம்!" என்று சமையலறையிலிருந்து ஓடிவந்தது குழந்தை.

அக்கா வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தாள். கதவுக்கு இன்னும் எட்டடி இருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம், புத்தம் புதிய அறைக்குள், காய்ந்த புல் மெல்ல விலகியது.