கடைசிக் கொட்டாவி!

டிர்ர்ரிங்...!

டெலிபோன் அலறியது.

எதிர்க்கட்சித் தலைவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

அடிக்கவே கூடாத போன் அது! மூடிக் கிடக்கும் ஒரு டப்பிங் தியேட்டர். ஜன்னலே இல்லாத கன்ட்ரோல் ரூம். மூலையில் தூசி படிந்த பழைய போன். அந்த அறையில் இரண்டு பேர் இருப்பது உலகத்துக்குத் தெரியாது. உலகத்தைப் பொறுத்தவரை தலைவர் நாலு நாளாகக் கடத்தப்பட்டிருக்கிறார்!

"எடுக்காதீங்க!" என்றாள் விளம்பரக்காரி.

எடுத்துவிட்டார். மைக்கைக் கண்டால் விடாத மனிதர், போனை விடுவாரா?

"ஹலோ..."

"வணக்கம் சார்! ஒரு சின்ன சர்வே. ரெண்டே நிமிஷம். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகும், பரவாயில்லையா?" ஒரு இளம்பெண்ணின் குரல் கொஞ்சியது.

"ம்... கேளும்மா."

"எதிர்க்கட்சித் தலைவரைக் கடத்தினது உங்களுக்கு வருத்தமா? ரொம்ப வருத்தம், கொஞ்சம் வருத்தம், வருத்தமே இல்லை...?"

"ரொம்ப ரொம்ப வருத்தம்!"

"காணாமப் போனதுக்கு அப்புறம் அவர் மேல மதிப்பு கூடியிருக்கா?"

"ஏகத்துக்கும் கூடியிருக்கு!" தலைவருக்கு உச்சி குளிர்ந்தது.

"கடைசிக் கேள்வி சார். தலைவர் உயிரோட திரும்பி வரலைன்னா... அவர் மச்சானுக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

தலைவரின் கையிலிருந்து ரிசீவர் நழுவித் தொங்கியது.

"கண்டிப்பா போடுவேன், யோசிப்பேன், போட மாட்டேன்... சார்? சார்...?"

விளம்பரக்காரி பாய்ந்து ரிசீவரைப் பிடிப்பதற்குள் லைன் செத்துவிட்டது.

தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடலாம். மூன்று தேர்தல், மூன்று தோல்வி. நல்லவர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் கூட்டம் வாயைப் பிளக்கும். ஆச்சரியத்தில் இல்லை, தூக்கத்தில்! அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கொட்டாவி'. ஒருமுறை மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்த சொந்த மச்சானே கொட்டாவி விட்டது டிவியில் ஓடி, மானம் கப்பலேறியது.

அவரைத் தூசி தட்டிப் புதுசாக்கத்தான் விளம்பரக்காரி வந்தாள். சோப்பையும் ஷாம்பூவையும் விற்றுத் தள்ளியவள். மீசையை எடுத்தாள். சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்தாள். மூக்கால் வந்த குரலை மாதக்கணக்கில் பழக்கி அடிவயிற்றுக்கு இறக்கினாள்.

"மக்களுக்கு ஹீரோ அப்புறம் தலைவரே. முதல்ல ஒரு வில்லன் வேணும். நிறுத்துங்க, மூச்சு விடுங்க, விரலை நீட்டி ஆளைக் காட்டுங்க!" என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அவள் வாயில்தான் சனி உட்கார்ந்தது. 'இருக்கும்போது அருமை தெரியாது. கொஞ்ச நாள் காணாமப் போயிடுங்க!'

யோசனை அவளுடையது. ஏற்பாடு மச்சானுடையது.

"நான் உயிரோட வரலைன்னா மச்சானுக்கு ஓட்டுப் போடுவீங்களான்னு கேக்கறா! அந்தக் கேள்வியை நீதானே எழுதினே?" தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"முதல் ரெண்டும் என்னோடது. மூணாவது நான் எழுதலை."

"பின்னே?"

"உங்க மச்சான்தான். நீங்க காணாமப் போனதுலயே அனுதாபம் ஏறுது. பொணமா வந்தா இன்னும் ஏறுமான்னு ஊரைக் கேக்கறார்."

"அவன் என் பொண்டாட்டியோட தம்பிம்மா! நான் தோள்ல தூக்கி வளர்த்த பய!"

"அதனாலதான் அவருக்கு ஓட்டு விழும்."

"ஐயோ... அப்போ நீ?"

"இது நாடகம்னு தெரிஞ்ச ஒரே வெளியாள் நான். என்னை மட்டும் மாலை போட்டு அனுப்புவாரா?"

சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்தாள். வீட்டில் ஏழு வயது மகள். 'அம்மா ஷூட்டிங் போறேன், சீக்கிரம் வந்துடுவேன்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

தலைவர் கதவைக் குத்தினார். கத்தினார். கை வலித்ததுதான் மிச்சம். சத்தம் வெளியே போகாத டப்பிங் தியேட்டர் கதவு. உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே காவல் இருக்கும் தடியன் நிம்மதியாகத் தூங்கலாம். செல்போன்களை முதல் நாளே மச்சான் வாங்கிக்கொண்டு போய்விட்டான். 'சிக்னலை வச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்க மாமா!'

தலைவர் பாய்ந்து போய் டயல் செய்தார்.

ட்டூ... ட்டூ... ட்டூ...

"போகாது தலைவரே. டப்பிங் பேச வந்தவங்க மணிக்கணக்கா அரட்டை அடிக்கறாங்கன்னு, வெளியே போற காலை முதலாளி அடைச்சு வச்சிருக்கார். வர்ற கால் மட்டும்தான் வரும்."

"அப்போ நம்ம கதை முடிஞ்சுது!"

"இல்லை. மறுபடி அடிக்கும்!"

"ஜோசியமா?"

"தொழில்! சர்வே எடுக்கற ஆளுங்கள்ல சில பேர் யாருக்கும் போன் போடாம, பதிலைத் தாங்களே போட்டுப்பாங்க. அதனால சந்தேகமான காலுக்கெல்லாம் மேலே இருக்கறவங்க திரும்பப் போன் போட்டுச் சரிபார்ப்பாங்க. பாதியில அறுந்த கால்னா கண்டிப்பா வரும்."

"மச்சானே ஏன் இந்த நம்பருக்குப் போட வச்சான்?"

"அவருக்கே தெரியாது. ஊர்ல இருக்கற நம்பர்கள்ல கண்ணை மூடிட்டுக் கை வைக்கறதுதான் சர்வே. அந்தக் கை இங்கே விழுந்துடுச்சு."

காத்திருந்தார்கள்.

போன் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. தலைவர் அதற்கு எதிரே சம்மணம் போட்டு, வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினார்.

டிர்ர்ரிங்...!

"அம்மா! நான்தான் எதிர்க்கட்சித் தலைவர் பேசறேன்!"

"சரிங்க." ஒரு பெண்ணின் கண்டிப்பான, வயதான குரல். "உங்களோட சேர்த்து இன்னைக்கு அஞ்சு தலைவர் ஆச்சு. ஒருத்தர் சந்திரன்ல இருக்காராம். எங்க பொண்ணு உங்ககிட்ட மூணு கேள்வியும் கேட்டாளா?"

"சத்தியமா நான்தான்மா!"

"யார்கிட்ட கதை விடறீங்க? மூணு தேர்தல்லயும் அவருக்கே ஓட்டுப் போட்டவ நான். அவர் பேசினா மூக்கால வரும். நீங்க நியூஸ் வாசிக்கற மாதிரி பேசறீங்க."

தலைவர் விளம்பரக்காரியை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"பழைய குரல்ல பேசுங்க!" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"வரமாட்டேங்குதே! மறக்கச் சொன்னதே நீதானே!"

"மூக்கைப் பிடிச்சுக்கோங்க! போன வருஷ பட்ஜெட் பேச்சு... அதைப் பேசுங்க!"

தலைவர் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தார். கண்ணை மூடினார்.

"மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே... இந்த வரவு செலவுத் திட்டத்தின் மூன்றாம் பத்தி, இரண்டாம் உட்பிரிவைப் பொறுத்தமட்டில்... ஒருபுறம் பார்த்தால் வரவேற்கத்தக்கதே எனினும், மறுபுறம் பார்க்குங்கால், ஆழ்ந்து பரிசீலிக்கத்தக்கது என்பதை மறுப்பதற்கில்லை என்றாலும்கூட..."

மறுமுனையில் பேனா கீழே விழும் சத்தம்.

அப்புறம்...

"ஹா...ஆ...ஆவ்வ்..."

"அம்மா?"

"ஐயோ, கொட்டாவியா வருதே... தலைவரே! நீங்களா?!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கொட்டாவி தலைவரின் காதில் தேனாகப் பாய்ந்தது. அவர் அழுதேவிட்டார்.

"எங்கே இருக்கீங்க? எந்தப் பாவி கடத்தினான்?"

"யாரும் என்னைக் கடத்தலைம்மா! ஓட்டுக்காக நானும் என் மச்சானும் சேர்ந்து போட்ட நாடகம்! விளம்பரம் பண்ற பொண்ணு ஒருத்தி யோசனை சொன்னா, நான் தலையை ஆட்டினேன். இப்போ மச்சான் எங்க ரெண்டு பேரையும் நிஜமாவே கொல்லப் போறான்! மூடிக் கிடக்கற டப்பிங் தியேட்டர்ல இருக்கோம்... இந்த நம்பரைப் போலீசுக்குச் சொல்லும்மா!"

"அடக்கடவுளே! ஆனா சர்வே விஷயத்தை வெளியில சொன்னா என் வேலை போயிடும். முதல்ல இதைக் கொடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"யார் கொடுத்தது?"

"உங்க கட்சி ஆபீஸ்தான். உங்க மச்சான்..."

"வேண்டாம்!" இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

க்ளக்!

கதவுத் தாழ்ப்பாள்! தலைவர் பதறிப்போய் ரிசீவரை வைத்தார்.

அந்த அம்மாள் போன் போடப்போவது போலீசுக்கா, மச்சானுக்கா? தெரியவில்லை.

உள்ளே வந்தது மச்சான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மாறாத சிரிப்பு. பின்னால் தடியன். அவனுடைய ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் தலையணை.

"மாமா! நாட்டுல உங்களைத் தவிர வேற பேச்சே இல்லை! அக்கா டிவில அழுதாங்க பாருங்க... எனக்கே தொண்டை அடைச்சுது. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாம். கையைக் கட்டின மாதிரி. அப்புறம் வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"தலையணை எதுக்கு மச்சான்?"

"நீங்க சாஞ்சுக்கத்தான் மாமா."

தடியன் கயிற்றைப் பிரித்தான்.

"இந்த மூஞ்சியோட எடுத்தா மாட்டிப்பீங்க சார்!" என்றாள் விளம்பரக்காரி.

மச்சான் திரும்பினான். "ஏன்?"

"நாலு நாள் கடத்தல்ல கிடந்தவர் கன்னம் இப்படியா மழமழன்னு இருக்கும்? சின்னக் குழந்தைகூட நாடகம்னு சொல்லிடும். அப்புறம் என்ன நடந்தாலும் சந்தேகம் உங்க மேலதான்."

தூண்டிலை அவன் கவ்வினான்.

"சரி, சீக்கிரம் பண்ணு."

அவள் மேக்கப் பெட்டியைத் திறந்தாள். தலைவரின் இடது கன்னத்தில் ஒரு காயம் வரைந்தாள். தள்ளி நின்று பார்த்தாள். துடைத்தாள். மறுபடி வரைந்தாள்.

"நாலு நாள் ஆன காயம் பச்சை நிறமா மாறியிருக்கும் சார். சிவப்பா இருந்தா இன்னைக்கு அடிச்சதுன்னு தெரிஞ்சுடும்."

"எனக்கு இடது பக்கம் போட்டோவுல எடுப்பா வராதும்மா. வலது பக்கம் மாத்திப் போடு," என்றார் தலைவர். அவள் நேரம் கடத்துவதைப் புரிந்துகொண்டுவிட்டார்!

"போதும்!" மச்சான் பெட்டியை எட்டி உதைத்தான். "போற மூஞ்சிக்கு என்ன அலங்காரம்?"

சிரிப்பு போயிருந்தது. தடியன் தலைவரின் கைகளைக் கட்டினான். தலையணையைத் தூக்கினான். விளம்பரக்காரி அவன் கையைக் கடித்தாள். அவன் உதறிய வேகத்தில் சுவரில் போய் மோதினாள். தலையணை இறங்கியது...

படார்!

கதவு திறந்தது. போலீஸ்! சைரன் சத்தம் உள்ளே கேட்கவே இல்லை.

கண் இமைக்கும் நேரத்தில் மச்சான் தலையணையைப் பிடுங்கி வீசினான். தலைவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினான். "மாமா! கண்டுபிடிச்சுட்டேன் மாமா! உங்க உசுருக்காகத் தேடாத இடமில்லை மாமா!"

காதோரம் வேறு குரலில் பேசினான். "நாடகம்னு வெளியே வந்தா நான் மட்டும் இல்லை, நீங்களும் காலி. நாற்காலி உங்களுக்கே. யோசிங்க."

போலீஸ் கைக்கட்டை அவிழ்க்கும் வரை தலைவர் யோசித்தார்.

வாசலில் பெருங்கூட்டம். கேமராக்கள். கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். நூறு மைக்குகள். இத்தனை மைக்கை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

"உங்களைக் கடத்தியது யார் தலைவரே?"

தலைவர் நிறுத்தினார். மூச்சு விட்டார். விரலை நீட்டினார்.

"என்னைக் கடத்தினது... இதோ, இந்தப் பொண்ணு! என் உயிரைக் காப்பாத்தினது... என் மச்சான்!"

அடிவயிற்றிலிருந்து வந்த அருமையான குரல். கைதட்டல் வானைப் பிளந்தது.

விளம்பரக்காரி சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தலைவர் முதல் தடவையாக ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்துவிட்டார்!

போலீஸ் ஸ்டேஷன். மறுபடியும் நாலு சுவர்.

"போன்ல பேசின அந்த அம்மாவைக் கேளுங்க மேடம்! அவங்கதானே உங்களுக்குத் தகவல் சொன்னாங்க?"

"யாரோ ஒரு லேடி. இடத்தையும் போன் நம்பரையும் சொல்லிட்டு, பேர்கூடச் சொல்லாம வச்சுட்டாங்க." இன்ஸ்பெக்டரம்மா பெருமூச்சு விட்டார். "தலைவரே உன்னைக் கை காட்டறார். அந்தத் தடியனும் உன் ஆளுன்னுதான் சொல்றான். ஊரே நம்புது. நான் என்ன பண்ண?"

அறை மூலையில் டிவி. அதில் அவள் முகம். மகள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புதைகுழி வெட்டியது அவள், விழுந்ததும் அவள்தான்.

டிர்ர்ரிங்...!

"ஹலோ... சர்வேயா? போலீஸ் ஸ்டேஷனுக்கா?" இன்ஸ்பெக்டரம்மா கேட்டுக்கொண்டே இவளைப் பார்த்தார். "தலைவரைக் கடத்தின பொண்ணுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்... ஆயுளா, தூக்கா..."

விளம்பரக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மேடம்! பதில் சொல்லாதீங்க! பாதியில வச்சுடுங்க!"

"என்னது?"

"உங்களைக் கும்பிடறேன்! பட்டுன்னு வச்சுடுங்க!"

வைத்தார்.

மறுபடி அடித்தது. இன்ஸ்பெக்டரம்மா ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சார், எங்க பொண்ணு உங்ககிட்ட..." அதே கண்டிப்பான குரல்!

"அம்மா! தியேட்டர்ல தலைவர்கூட இருந்தவ நான்தான்!" அவள் கம்பிக்குள்ளிருந்து கத்தினாள். இன்ஸ்பெக்டரம்மா புருவத்தை உயர்த்தினார்.

"நீயா! டிவில பார்த்தேன்மா. வேலைக்குப் பயந்து பேர் சொல்லாம போலீசுக்குப் போன் போட்டேன். அந்த மனுஷன் கூடவே சாகக் கிடந்தவளையே காட்டிக் கொடுத்துட்டாரே! மூணு தடவை ஓட்டுப் போட்ட கைம்மா இது... கூசுது."

"அந்தக் கால் ரெக்கார்ட் ஆச்சுல்ல?"

"எல்லாக் காலும் ஆகும். யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியாமத்தான் முழிச்சுட்டிருக்கேன்."

"இப்பவே போடுங்க! இங்கேயே போடுங்கம்மா!"

"வேலை போனா போகுது!" என்றது குரல்.

ஸ்டேஷன் வாசலில் அவளைப் படம் பிடிக்கக் காத்திருந்த நிருபர்கள் தலையை நீட்டினார்கள். இன்ஸ்பெக்டரம்மா தடுக்கவில்லை. மைக்குகள் மேஜையைச் சூழ்ந்தன.

ஸ்பீக்கர் கரகரத்தது.

'யாரும் என்னைக் கடத்தலைம்மா! ஓட்டுக்காக நானும் என் மச்சானும் சேர்ந்து போட்ட நாடகம்...'

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். பக்கத்து லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிக்பாக்கெட் எழுந்து உட்கார்ந்தான். கடைசி வார்த்தை வரை அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை எடுத்து மாட்டினார். "வண்டியை எடுங்கய்யா! தலைவர் வீட்டுக்கு! மச்சானையும் விடாதீங்க!"

லாக்கப் கதவு திறந்தது. விளம்பரக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மேடம், தலைவரைப் பார்த்தா நான் ஒரு நல்ல சேதி சொன்னேன்னு சொல்லுங்க."

"என்ன சேதி?"

"எடுத்த வேலையை முடிச்சுட்டேன்... முதல் தடவையா அவர் பேச்சை ஒருத்தர்கூடக் கொட்டாவி விடாம கேட்டாங்க!"