கமூ குகையின் பெட்டிகள்

"கால எடுங்க சிஸ்டர்! நின்னா உள்ள இழுத்துரும்!"

பிரதர் தொபியாஸ் கத்தியது காதில் விழத்தான் செய்தது. ஆனால் கால் வர வேண்டுமே! வள்ளத்திலிருந்து இறங்கிய முதல் அடியிலேயே சிஸ்டர் சலேத் தொடைவரை புதைந்துவிட்டாள். சேறா அது? அழுகிய இலையும் செத்த மீனும் ஊறிப் புளித்த கறுப்புக் கூழ்! குமிழி உடையும்போதெல்லாம் கூமுட்டை வாடை குப்பென்று மூக்கில் அடித்தது.

"கொடலப் பொரட்டுது பிரதர்..."

மணப்பாட்டுக் கடற்கரையில் கருவாட்டு வாடைக்கு நடுவே வளர்ந்தவள் சலேத். பப்புவா நியூ கினியின் இந்த ஆற்றங்கரை மிஷனுக்கு நர்ஸாக வந்தபின், புழுத்த புண்களை முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டியவள். அவளுக்கே குமட்டியது.

முன்னால் போய்க்கொண்டிருந்த மியாங்கா திரும்பி வந்தாள். சலேத்தின் இடுப்பை வளைத்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே போட்டாள். இந்தச் சதுப்பில் சவ்வரிசிப் பனை வெட்டிப் பிழைக்கிற ஊர்க்காரி அவள். கமூ குகைக்கு வழி அவளுக்குத்தான் தெரியும்.

அவர்கள் தேடிப் போனது ஒரு புதையலை. போர்க்காலத்தில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, மிஷனைத் தொடங்கிய வெள்ளைக்காரச் சாமியார் தங்கக் கதிர்ப்பாத்திரத்தையும் பூசைப் பாத்திரங்களையும் கமூ குகையில் ஒளித்துவைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. மிஷனின் நூற்றாண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வார்னர் என்ற வெளிநாட்டுப் பழம்பொருள் வியாபாரி வேறு, அந்தக் குகையைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்கிறான் என்று சேதி வந்தது. அவன் கைக்குப் போகுமுன் நாம் எடுத்துவிடுவோம் என்று புறப்பட்டார் தொபியாஸ். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் துணையாகச் சலேத்தையும் சேர்த்துக்கொண்டார்.

"நீ எதுக்கு வர ஒத்துக்கிட்ட மியாங்கா?" என்று சலேத் கேட்டாள்.

"அந்தக் குகையில எங்க செத்தவங்க அழுவுறாங்கன்னு ஊருல சொல்லுவாங்க சிஸ்டர். எதுக்கு அழுவுறாங்கன்னு பாக்கணும்."

சதுப்பைத் தாண்டியதும் ஏற்றம். அட்டைகள் கணுக்காலில் தொடங்கிக் கழுத்துவரை ஏறின. பிய்த்து எறிந்த இடமெல்லாம் ரத்தம் வழிந்தது. சலேத்தின் காதுமடலில் ஒன்று கொழுத்துத் தொங்கியது. தொட்டதும் வழுக்கிய அந்தக் குளிர்ந்த சதையை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

குகை வாய் வந்தது. அடேயப்பா, அந்த நெடி! தலைமுறை தலைமுறையாக வௌவால்கள் கழித்த எச்சம், முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் தரையே நகர்ந்தது. கரப்பான்கள்! மிதித்த இடமெல்லாம் நொறுநொறுத்தன. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. ஒரு பொந்துக்குள் மூவரும் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. பாதியிலேயே சலேத் வாந்தி எடுத்தாள். எடுத்ததன் மேலேயே ஊர்ந்தும் போனாள். வேறு வழி?

"ஆண்டவரே! சிஸ்டர், இங்க பாருங்க!"

ஒரு மேடையில் மூன்று மரப்பெட்டிகள். உள்ளே தகரம் அடித்து, ஈயம் வைத்து மூடியவை. மேலே மிஷனின் சிலுவை முத்திரை. அதன் கீழே ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது.

"பூசைப் பாத்திரத்த எதுக்குக் கப்பல்ல ஏத்தணும்?" என்றாள் சலேத்.

தொபியாஸ் பெட்டியருகே குனிந்தார். அரிவாளைக் கொடுத்து முதல் பெட்டியின் மூடியை நெம்பினார்.

தங்கம் இல்லை.

வைக்கோலுக்குள் மண்டை ஓடுகள். ஒவ்வொன்றின் மேலும் களிமண் பூசி, முகம் வடித்து, கண்ணுக்குச் சோழி பதித்திருந்தார்கள். நெற்றியில் சிவப்பு வளையம். அவற்றின் நடுவே செதுக்கிய மரமுகங்கள்.

மியாங்கா மண்டியிட்டாள். நெற்றி வளையத்தை ஒரு விரலால் தடவினாள்.

"இவங்க எங்க ஆளுங்க. எங்க முன்னோருங்க. இது பிசாசு, எரிச்சிட்டேன்னு சொன்னாரு அந்தச் சாமியாரு. சாம்பலக் காட்டினாரு. எங்க அம்மா அப்ப சின்னப் பொண்ணு. அந்தச் சாம்பலப் பூசிக்கிட்டு ஊரே அழுதுச்சாம்." அவள் வளையத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. "எரிச்சது வெறும் தென்னமட்டையா, சிஸ்டர்?"

சலேத்தின் அடிவயிற்றிலிருந்து மறுபடியும் ஓங்கரித்தது. இந்த முறை வௌவால் நெடியால் அல்ல. கோயில் சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறதே அந்தச் சாமியாரின் படம்! அதன் முன்னால் தினமும் நின்று ஜெபித்தவள் அவள். பிசாசென்று சொல்லிப் பிடுங்கி, விலைபேசிப் பெட்டி கட்டியிருக்கிறார் மனுஷன்! போர் வந்ததால்தான் அது கப்பல் ஏறவில்லை! த்தூ!

தொபியாஸ் மூடியை மெதுவாகச் சாத்தினார். "இருந்தபடியே மூடிருவோம் சிஸ்டர். வெளிய தெரிஞ்சா சபைக்கு அசிங்கம்."

"அசிங்கத்த மூடிவச்சா நாறாதா பிரதர்? என்ன பேசுதீய?"

அப்போது குகை வாயிலிருந்து ஒரு குரல் எதிரொலித்தது. "பாதிரிமாரே! பெட்டிகளை வெளியே கொண்டுவாருங்கள்!"

வார்னர்! பொந்தின் வழியே தொபியாஸ் எட்டிப் பார்த்தார். அவன் கையில் துப்பாக்கி, மூக்கில் கைக்குட்டை. "இந்த நாற்றத்துக்குள் நான் வரமாட்டேன். காத்திருக்கிறேன். உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவும் மாட்டேன். உங்கள் சாமியார் தொடங்கிய வியாபாரம்தானே? முடித்துவையுங்கள்!"

தொபியாஸின் முகம் சுண்டிப்போனது. தன் வாயால் சற்றுமுன் சொன்னதையே அவன் வேறு வார்த்தையில் சொன்னதுபோல் இருந்தது. காறித் துப்பிவிட்டுத் திரும்பினார்.

"மியாங்கா, வேற வழி இருக்கா?"

இருந்தது. குகையின் பின்புறம் ஓர் ஓடை சுவருக்கு அடியில் புகுந்து ஆற்றுக்குப் போகிறது என்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் ஓடை வேறு ஏறிக்கொண்டிருந்தது. எச்சத்தை எல்லாம் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர், பழுப்பு நிறத்தில் நுரைத்தது. மேலே செத்த வௌவால்களும் கரப்பான்களும் மிதந்தன.

சலேத் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு இறங்கினாள். இடுப்பு, நெஞ்சு, கழுத்து!

"பெட்டிய விடுங்க பிரதர்! மிதக்கும்!"

திறந்த பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி முதலில் விட்டார்கள். மற்ற இரண்டும் பின்னால் வந்தன. சுவர் தாழ்ந்த இடத்தில் மூச்சைப் பிடித்து முங்கினாள் சலேத். இருட்டு! வாய்க்குள் அந்தத் தண்ணீர்! முடியில் ஏதோ சிக்கித் துடித்தது. பெட்டியின் கயிற்றை மட்டும் அவள் விடவில்லை. நுரையீரல் வெடித்துவிடும் என்ற நேரத்தில் தலை மேலே வந்தது.

மழை! வெளிச்சம்! ஆறு!

மலைக்கு அந்தப் பக்கம், காலியான குகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு காவல் இருந்தான் வார்னர். அவன் விஷயம் தெரிந்துகொள்ளுமுன் மூவரும் கரையோரமாக வள்ளம் கட்டிய இடத்துக்கு வந்து, பெட்டிகளை ஏற்றி, ஆற்றின் போக்கில் விட்டுவிட்டார்கள்.

ஊர்த்துறையில் பெட்டிகளைத் திறந்தபோது ஊரே கூடிவிட்டது. பிறகு பெண்கள் ஒவ்வொரு முகமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அழுகை கரை நெடுகப் பரவியது. ஆண்கள் முரசை எடுத்து வந்தார்கள்; போனவர்கள் திரும்பினால் அடிக்கும் அடியாம் அது.

சலேத் எல்லார் முன்னும் நின்றாள். "எங்க சபை உங்ககிட்டப் பொய் சொல்லுச்சு. உங்க ஆளுங்கள எடுத்து ஒளிச்சு வச்சுச்சு. இத விழா அன்னிக்குக் கோயில்லயும் சொல்லுவோம்."

"நான் சொல்லுதேன்" என்றார் தொபியாஸ், தலையைக் குனிந்தபடி. "அந்தப் படத்தையும் நானே எறக்குதேன்."

மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று சலேத்தும் எதிர்பார்க்கவில்லை. தலை முதல் கால்வரை அவள் மேல் வௌவால் எச்சம் காய்ந்து வெடித்திருந்தது. ஊர்ப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார்கள். போய்விடலாம் என்று அவள் திரும்பியபோது மியாங்கா கூப்பிட்டாள்.

"சிஸ்டர்! நாறுது. ஆத்துல போய் நல்லா முங்கிட்டு வா." மடியிலிருந்த முகத்தைச் சரித்து வைத்து, பக்கத்தில் பாயைத் தட்டினாள். "வந்து எங்ககூட உக்காந்து அழு."